வெயில் படாத ஜன்னல்

மஹாதேவனுக்கு ரயில் பைத்தியம் பிடித்துவிட்டதாக பவானிப்பூர்த் தமிழர்கள் பேசிச் சிரித்தார்கள். ஐம்பதை நெருங்கும் மனிதர், கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா, பஞ்சகச்சமும் கோட்டும் தலைப்பாகையுமாக நடந்து போனால் நாலு பேர் வழி விடுவார்கள். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் தண்டவாள ஓரத்தில் போய் நிற்கிறார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் நெஞ்சுக்குள் என்ன எரிந்துகொண்டிருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ரயில் பைத்தியம் உண்மையில் பட்டாபிராமனுக்கு. ஆபீஸில் மஹாதேவனுக்கு அடுத்த நாற்காலி. யுத்தம் முடிந்த வருஷத்தில் கல்கத்தாவுக்கு வந்ததிலிருந்து அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இருந்ததில்லை. சியால்டாவில் எந்தச் சுவரில் ஏறினால் டார்ஜீலிங் மெயிலை முழுசாகப் பார்க்கலாம், சித்பூரில் கூட்ஸ் வண்டிகளைப் பிரித்து விடுவதை எந்த மரத்தடியிலிருந்து பார்க்க வேண்டும், கிதிர்ப்பூர்த் துறைமுகத்தில் குட்டி இஞ்சின்கள் எந்நேரம் வேலை செய்யும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் மனைவி ஜகதாம்பாள், "எனக்குச் சக்களத்தி இருக்கா, வாயால புகை விடுவா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

ஒரு நாள் மஹாதேவன் அவனிடம் மெதுவாகக் கேட்டார்.

"பட்டாபி, டாக்குரியா பக்கத்துல ரயில் பார்க்க நல்ல இடம் உண்டோ?"

"டாக்குரியாவா? ஓய், அங்க என்ன இருக்கு! சோனார்ப்பூர் லோக்கல் ஆட்டுக்குட்டி மாதிரி குதிச்சுண்டு போகும். அதைப் பார்க்கவா கோட்டு மாட்டிண்டு கிளம்பணும்?"

"சும்மாத்தான். காத்தாட நடந்தா எனக்கு இழுப்புக்கு நல்லது."

இருவரும் கரியாஹாட் சாலையில் நடந்து, வயல்களைத் தாண்டி, டாக்குரியா கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். லோக்கல் வந்தது, போனது. பட்டாபி திரும்பிப் பார்த்தான். மஹாதேவன் ரயிலையே பார்க்கவில்லை. தண்டவாளத்துக்கு அப்பால், ஒரு குளத்தின் கரையில் மஞ்சள் வர்ணம் அடித்த மாடி வீடு ஒன்று இருந்தது. மொட்டை மாடிக் கொடியில் ஓர் அரக்குப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த கண்ணில் நீர் முட்டி நின்றது.

பட்டாபிக்குப் புரிந்துவிட்டது. அது நடராஜய்யர் வீடு. மஹாதேவனின் ஒரே மகள் ஜலஜா வாழ்க்கைப்பட்ட வீடு. அன்று முதல் அவன் டாக்குரியா லோக்கலைக் கேலி செய்வதை விட்டுவிட்டான். "இன்னிக்கு டாக்குரியாவுக்கே போகலாம், ஓய். எனக்கும் அந்தக் குட்டி இஞ்சின் மேல ஒரு இது வந்துடுத்து" என்று அவனாகவே சொல்வான்.

பெற்ற மகளைப் பார்க்க ஒரு தகப்பன் ஏன் ரயில் பாதையில் ஒளிந்து நிற்க வேண்டும்? அதையும் சொல்லிவிடுகிறேன். தலை தீபாவளிக்குச் சம்பந்திகள் வந்திருந்தார்கள். அன்றைக்கென்று மஹாதேவனின் ஆபீஸ் சூப்பரின்டெண்ட், அவரும் நம்மவர், வாழ்த்துச் சொல்ல வந்தார். வேறொரு இடத்துக்குப் போக வேண்டிய அவசரம் அவருக்கு. "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்று மஹாதேவன் அவரை முதல் பந்தியில் உட்கார்த்திவிட்டார். கூடம் சிறியது, இலைகள் நிறைந்துவிட்டன. கை கால் அலம்பிக்கொண்டு வந்த நடராஜய்யர் உட்கார இலை இல்லாமல் தூணருகே நின்றார்.

"சம்பந்திக்கு ரெண்டாம் பந்தியா?" என்றார் அவர்.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி வீட்டைப் பற்ற வைத்துவிட்டது. ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் வளர்ந்தது. கடைசியில் மஹாதேவன், நாக்கில் சனி உட்கார்ந்த அந்த நிமிஷத்தில், "உம்ம வாசப்படியை மிதிச்சேன்னா நான் மஹாதேவன் இல்லை" என்று கத்தினார். "மிதிக்க வேண்டாம். உம்ம பொண்ணும் இந்தப் படியை மிதிக்க மாட்டா" என்று சொல்லி நடராஜய்யர் வெளியேறினார். ஜலஜா அழுதுகொண்டே பின்னால் போனாள். தலையில் வைத்த எண்ணெய்கூட முழுசாகப் போகாத தலை. அந்தத் தலையைத்தான் வாசல் வரை அவள் தாய் காமு பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரே ஊர், நடந்தே போய்விடுகிற தூரம். ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கம் போல ஆகிவிட்டது. காமு அழுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் மஹாதேவனுக்குத் தாங்கவில்லை. சமைப்பாள், பரிமாறுவாள், பக்கத்து வீட்டு கோஷ் பாபு மனைவியோடு வங்காளியில் இரண்டு வார்த்தை பேசுவாள். ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு குறை, ஒரு குத்தல், ஒன்றும் கிடையாது. அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

மாசி மாதக் கடைசியில் சீதாராம சாஸ்திரிகள் வந்தார். பவானிப்பூரானாலும் டாக்குரியாவானாலும் தமிழர் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். எந்த வீட்டுச் செய்தியும் அவர் மேல்துண்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

"காமு, உனக்கு ஒரு சமாசாரம். உன் பொண்ணு முழுகாம இருக்கா. இது ஏழாம் மாசம்."

காமு அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை சிவராமகிருஷ்ணனுக்கு பேங்க்ல மதராசுக்கு மாத்தியிருக்கா. குடும்பத்தோட கிளம்பறா. பிரசவமும் அங்கேயேதான். நானே நாள் வெச்சுக் குடுத்திருக்கேன். இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு, புதன்கிழமை."

தலைப் பிரசவம்! அது தாய் வீட்டில் நடக்க வேண்டியது. மடியில் கிடத்தி, தலை வாரி, வளை அடுக்கி, கஷாயம் வைத்துக் கொடுக்க வேண்டியவள் காமு. ஆயிரம் மைலுக்கு அப்பால் யாரோ செய்வார்கள். சாஸ்திரிகள் போன பிறகு காமு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மஹாதேவனிடம் ஒன்று கேட்டாள்.

"ஏன்னா, ஒரே ஒரு தரம் அவ முகத்தைப் பார்க்கணும். பேச வேண்டாம், கிட்டக்கப் போக வேண்டாம். தூரத்திலேருந்து பார்த்தாப் போறும். பிள்ளைப்பேறுங்கறது மறு பிறப்பு. பார்க்காம அனுப்பிட்டு எனக்கு ஏதாவது செய்தி வந்தா..."

மஹாதேவன், "பார்க்கலாம், காமு. நான் காட்டறேன்" என்றார். "நான் காட்டறேன்" என்று சொன்னாரே தவிர, அந்த முகத்துக்காக அவர் நெஞ்சும் எப்படி வறண்டு கிடந்தது என்று சொல்லவில்லை. தப்புச் செய்தவனுக்கு ஆசைப்பட என்ன உரிமை என்று நினைத்தாரோ என்னவோ.

ஹௌரா ஸ்டேஷனுக்கே போய் நிற்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். மதராஸ் மெயிலில் ஒரு தமிழ்க் குடும்பம் புறப்பட்டால் பவானிப்பூரில் பாதி ஜனம் பிளாட்பாரத்தில் இருக்கும். அத்தனை பேர் முன்னால் நடராஜய்யர் ஒரு வார்த்தை சொன்னால்? பிள்ளைத்தாய்ச்சிப் பெண் அழுதுகொண்டா வண்டி ஏறுவாள்? வேண்டாம், ஒளிந்து நின்று பார்ப்பதே நல்லது. மஹாதேவன் பட்டாபியிடம் போனார்.

"மதராஸ் மெயிலைப் பார்க்க நல்ல இடம் வேணும். ஜன்னல்ல இருக்கற முகம் தெரியணும்."

பட்டாபி ஏன் என்று கேட்கவில்லை. "வாரும்" என்றான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தார்கள். முதலில் ஹௌரா ஸ்டேஷனை அடுத்த மேம்பாலம். பட்டாபிக்கு அது சொர்க்கம். மஹாதேவனுக்கு ரயிலின் கூரை மட்டும் தெரிந்தது. அதைத் தாண்டி டிக்கியாபாடா. அங்கே நடுவில் கூட்ஸ் வண்டிகள் மலை போல நின்று மறைத்தன. சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மெயில் நிற்காமல் புயலாகப் பறந்தது. மஹாதேவனின் தலைப்பாகையும் கூடப் பறந்தது. பட்டாபி அதைத் துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து ஸ்டேஷன் போர்ட்டர்கள் சிரித்தார்கள். கரை உயரமான இடங்களில் சக்கரம்தான் கண்ணுக்கு நேரே வந்தது. ஒரு இடத்தில் எல்லாம் சரியாக அமைந்தது; ஆனால் மூங்கில் புதரிலிருந்து நரி போல ஒரு நாய் வந்து இருவரையும் கால் மைல் விரட்டியது.

கடைசியில் ராம்ராஜாதலா ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் இப்பால் ஒரு குளக்கரை கிடைத்தது. அங்கே பாதை வளைகிறது. கரை தாழ்வு, மண்மேட்டில் ஏறி நின்றால் முகம் ஜன்னலுக்கு நேரே வரும். ஹௌராவிலிருந்து கிளம்பின வண்டி சிக்னல்களைத் தாண்டி இன்னும் வேகம் பிடித்திருக்காது.

"இங்க மெயில் ஓடாது, ஓய், நடக்கும்" என்றான் பட்டாபி. "இந்த இடது பக்கம்தான் நிக்கணும். அந்தப் பக்கம் சாயங்கால வெயில் மூஞ்சியில அடிக்கும். எல்லாரும் ஜன்னல் பலகையை இறக்கிடுவா. இந்தப் பக்கம் வெயில் படாது. திறந்து வெச்சுண்டு உக்காருவா."

அன்றைய மெயில் கடந்து போனதை மஹாதேவன் மேட்டில் ஏறி நின்று பார்த்தார். முதல் முறையாக ஒரு ரயில் அவருக்கு அழகாகத் தெரிந்தது.

புதன்கிழமை அரை நாள் லீவு கேட்டபோது சூப்பரின்டெண்ட் முகத்தைச் சுளித்தார். கப்பல் ஏற வேண்டிய சரக்கு தேங்கிக் கிடக்கிறது; இனி இந்த மாதம் லீவு என்ற பேச்சே கூடாது என்று சொல்லி அனுப்பினார். காமு மடிசாரின் மேல் ஒரு பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். டிராம், பாலம், லோக்கல், பிறகு வரப்பில் நடை. அவள் கால் செருப்பறியாதது. குளக்கரைச் சேற்றில் வழுக்கி வழுக்கி மேட்டில் ஏறி நின்றாள். அவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"வரதுடி, புகை தெரியறது."

மெயில் வந்தது. பட்டாபி சொன்னது போலவே நடந்து வந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒரு மார்வாடிக் கிழவர், வெள்ளைக்காரத் துரைசானி, தூங்கும் சிப்பாய், ஆரஞ்சுத் தோலை வெளியே எறிந்த ஒரு குழந்தை. ஒவ்வொரு ஜன்னலுக்கும் காமுவின் தலை திரும்பியது. பெட்டி பெட்டியாகப் போய்க் கடைசிப் பெட்டியும் போய்விட்டது. ஜலஜா இல்லை.

"தவற விட்டுட்டோமோ?" என்றாள்.

"இல்லை. வண்டியில அவா இல்லை. நம்மவா ஒருத்தர் கூட இல்லையே."

திரும்பி வரும்போது அவளால் நடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மஹாதேவன் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்.

"ஏதோ தடங்கல், இன்னிக்குக் கிளம்பலை. நாளைக்கு வியாழன், தெக்கே சூலம். நடராஜன் மாதிரி ஆசாரக்காரன் சூலத்துக்கு எதிரா மதராசுக்குக் கிளம்ப மாட்டான். வெள்ளிக்கிழமை பொண்ணை வாசல் தாண்ட விட மாட்டா. சனிக்கிழமையும் ஆகாது. ஞாயித்துக்கிழமைதான், காமு. எனக்கும் லீவு கேக்க வேண்டாம். நீ நாளைக்கு நன்னா படுத்துத் தூங்கு."

காமு காலில் குத்தியிருந்த முள்ளை விளக்கு வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.

மறு நாள் ஆபீஸில் பட்டாபியின் நாற்காலி காலியாக இருந்தது. தலைவலி என்று சொல்லி அனுப்பியிருந்தான். மஹாதேவன் அவன் வேலையையும் சேர்த்துச் செய்தார். பிற்பகல் சாயும் நேரத்தில் சாஸ்திரிகள் படியேறி வந்தார். மஹாதேவனின் தகப்பனார் சிராத்தத் தேதியைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

"உம்ம சம்பந்தி ஆத்துக் கூட்டம் இன்னிக்குக் கிளம்பறது. காலம்பறதான் வந்து பெட்டியை எடுத்துண்டு போனா."

"என்ன பெட்டி?"

"நேத்திக்குப் பரஸ்தானம் வெச்சாளே! புதன்கிழமை நல்ல வேளையில பெட்டியைக் கொண்டு வந்து என் ஆத்துல வெச்சுட்டா. வண்டியில இடம் இன்னிக்குத்தான் கிடைச்சுதாம்."

"இன்னிக்குத் தெக்கே சூலமாச்சே!"

"நல்லாயிருக்கு! அதுக்குத்தானே ஓய் பரஸ்தானம்? பெட்டி நேத்திக்கே புறப்பட்டாச்சு. பெட்டி புறப்பட்டா மனுஷா புறப்பட்ட கணக்கு. அப்புறம் எந்தச் சூலம் என்ன பண்ணும்? உமக்குத் தெரியாததா?"

தெரியாததா! இருபது வருஷத்துக்கு முன் அவர் கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது, நாள் சரியில்லை என்று முதல் நாளே அவருடைய துணிமூட்டையை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைக்கவில்லையா? எல்லாம் தெரிந்தவர்தான். சூலத்தைப் பார்த்தவர் பரஸ்தானத்தை மறந்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்க வேண்டாம் என்ற சுகத்தில், அந்தக் கணக்கே சரியென்று நம்பிவிட்டார். ஐயோ, அந்தப் பாவி மனம்!

அவர் எழுந்தார். "எங்கே ஓய்?" என்று சூப்பரின்டெண்ட் கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்லாமல் படியிறங்கினார். பவானிப்பூர் போய்க் காமுவை அழைத்து வர நேரமில்லை. ராம்ராஜாதலாவுக்குப் போகவும் நேரமில்லை. ஸ்டேஷன் ஒன்றுதான் இருக்கிறது. நேரே போய் நடராஜன் காலில் விழுந்துவிடுவது. பவானிப்பூர் முழுவதும் பார்க்கட்டும். "ஒரு வாரம், ஒரே வாரம் என் பெண்ணை அவ அம்மாகிட்ட விட்டுட்டுப் போம்" என்று கேட்டுவிடுவது. இரண்டு வருஷமாகத் தொண்டையில் அடைத்திருந்தது அன்று ஓட்டத்தில் தானே கரைந்துவிட்டது.

ஆனால் மிதவைப் பாலம் அவருக்காகக் கரையவில்லை. ஏதோ பெரிய கப்பலுக்காகத் திறந்து மூடியிருந்த பாலத்தில் மாட்டு வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. சணல் மூட்டைகளுக்கும் மனித முதுகுகளுக்கும் நடுவில் அவர் புகுந்து புகுந்து போனார். இழுப்பு மார்பைப் பிடித்தது. பாலத்துக் கம்பியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார், மறுபடி ஓடினார். "ஏ பாபு, ஆஸ்தே!" என்று ஒரு வண்டிக்காரன் மெதுவாகப் போகச் சொல்லி அதட்டினான்.

பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது எதிரே கூட்டம் வந்துகொண்டிருந்தது. வழியனுப்பி விட்டுத் திரும்புகிற கூட்டம். அவர்களுக்குப் பின்னால், தூரத்தில், கார்டு வண்டியின் சிவப்பு விளக்கு வளைவில் திரும்பி மறைந்தது.

"அடடே, மஹாதேவனா! யாரை ஏத்தி விட வந்தேள்?" என்று கேட்டார் பவானிப்பூர் பாலசுப்ரமணியன். கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரையும் இல்லை," என்றார் மஹாதேவன். "சும்மா, ரயில் பார்க்க வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. ஒரே எண்ணம்தான் தலைக்குள் சம்மட்டி போல அடித்தது. காமுவிடம் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் சால்வையைத் துவைத்துக் காயப் போட்டிருப்பாளே. அந்தச் சால்வைக்கு முன்னால் எப்படி நிற்பது?

வீடு பூட்டியிருந்தது. கோஷ் பாபு மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "காமு பௌதி மத்தியானமே போயிட்டாங்க, தாதா. சொல்லலையா?" என்று வங்காளியில் கேட்டாள். அவருக்கு என்னென்னவோ தோன்றியது. கங்கை தோன்றியது. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தெருவிளக்கு ஏற்றுகிற நேரத்தில் காமு வந்தாள். முழங்கால் வரை சேறு. பின்னால் வந்த ஜகதாம்பாள், "மன்னியை விட்டாச்சு. பத்திரமா வெச்சுக்கோங்கோ. எங்காத்துக்காரர் இன்னும் அந்த இஞ்சின் நம்பரைச் சொல்லிண்டே வரார், நான் போய் அவரைக் கட்டி இழுத்துண்டு போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

காமு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். யாரும் விளக்கு ஏற்றவில்லை.

"நீ எப்படி..." என்றார்.

"வீட்டுல இருக்க முடியலை. நீங்க சூலம்னு சொன்னேள். சூலம் போறவாளுக்குத்தானே, காத்துண்டு நிக்கறவளுக்கு என்னன்னு தோணித்து. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தினம் போய் நிக்கறதுன்னு ஜகதாம்பாள்கிட்ட சொன்னேன். அவ பட்டாபி அண்ணாவை லீவு போட வெச்சுட்டா. உங்ககிட்ட சொன்னா, வேண்டாம்னுடுவேளோன்னு..."

"பார்த்தியா, காமு?"

"ம்."

அவர் தரையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"வண்டி வந்தது. எல்லா ஜன்னலும் திறந்திருந்தது, ஒரு பெட்டியில மட்டும் பலகையை இறக்கி வெச்சிருந்தா. கரி விழக்கூடாதுன்னோ என்னவோ. அந்தப் பெட்டிக் கதவண்டை ஒருத்தர் நின்னுண்டிருந்தார். பார்த்தா, சம்பந்தி."

"நடராஜனா!"

"அவரேதான். என்னைப் பார்த்துட்டார். எனக்கு உசிரே போயிடுத்து. சட்டுனு முகத்தைத் திருப்பிண்டு உள்ள போயிட்டார். போச்சு, அவ்வளவுதான்னு நினைச்சேன். அடுத்த க்ஷணம் நடு ஜன்னல் பலகை மேல போறது. அவர் கைதான் தூக்கித்து. தூக்கிப் பிடிச்சுண்டே நின்னார். அதுக்குள்ள நம்ம குழந்தை."

மஹாதேவன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். எவன் பெயரைச் சொன்னால் இரண்டு வருஷமாக அவர் ரத்தம் கொதித்ததோ, அந்த மனிதன் ஓடுகிற ரயிலில் ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். அதே நேரத்தில் அவர் ஹௌரா பிளாட்பாரத்தில், ரயில் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு நின்றார்.

"இளைச்சிருக்கா," என்றாள் காமு. "ஆனா முகம் தெளிவா இருக்கு. கை நிறைய வளை, ஏன்னா. பச்சையும் சிவப்புமா, முழங்கை வரைக்கும். வளைகாப்புப் பண்ணியிருக்கா. நமக்குச் சொல்லலைன்னாலும் பண்ணியிருக்கா. அந்தக் கையை வெளில நீட்டினா. அப்படியே வளை குலுங்கித்து. ரயில் சத்தத்துல எனக்குக் கேக்கலை, கேட்ட மாதிரி இருந்தது."

"உன்னைப் பார்த்து என்ன பண்ணினா? அழுதாளா?"

காமு சற்றுத் தயங்கினாள். பொய் சொல்லிப் பழகாதவள்.

"அழலை. என்னைப் பார்த்தா, கண்ணு கொட்டாம பார்த்தா. அப்புறம் எனக்குப் பின்னால பார்த்தா. பட்டாபி அண்ணாவைப் பார்த்தா. குளத்துப் பக்கம் பார்த்தா, அந்த மரத்தடியைப் பார்த்தா. வண்டி வளையற வரைக்கும் தலையை வெளில நீட்டித் தேடிண்டே போனா."

யாரைத் தேடினாள் என்று அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. அந்த இருட்டுக் கூடத்தில் ஒரு மனிதன் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது அழுகையா, இழுப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். காமு எழுந்து வரவில்லை. எழுந்து வர அவளுக்குத் தெம்பு இல்லை. கையை மட்டும் நீட்டி அவர் முழங்காலில் வைத்தாள்.

வெகு நேரம் கழித்து அவர் சொன்னார்: "இன்னொரு தரம் சொல்லு, காமு. முதல்லேருந்து."

"சாப்பிட்டுட்டுச் சொல்லட்டுமா?"

"இல்லை, இப்பவே."

காமு சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு மறுபடி சொல்லத் தொடங்கினாள். களைப்பில் கண்கள் மூடி மூடிப் போயின. ஆனாலும் புகை தெரிந்ததிலிருந்து எதையும் விடாமல் சொன்னாள். சம்பந்தியின் கை, மேலே போன பலகை, பச்சையும் சிவப்புமான வளைகள், எல்லாம் சொன்னாள். வண்டி வளைவில் திரும்பும் இடம் வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தினாள். பிறகு, "அவ்வளவுதான், போயிடுத்து" என்று முடித்துவிட்டாள்.